கால் வைக்க ஒரு கல்

ராயபுரம், மதராஸ்
14 ஆகஸ்ட் 1949

ரஹீமுக்கு,

உன் கப்பல் கம்பெனி ஆபீஸில் கேட்டு இந்த ஏடன் விலாசத்தை வாங்கினேன். இரண்டு வருஷமாக நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. இப்போது எழுதாமல் இருக்க முடியாது.

உன் தங்கை மரியம் இறந்துவிட்டாள். ஜூலை ஏழாம் தேதி. பெண் குழந்தை பிறந்தது, அடுத்த வாரமே ஜுரம் கண்டது, இறங்கவில்லை. குழந்தை நன்றாக இருக்கிறது. பக்கத்து வீட்டு அடைக்கலமேரி பார்த்துக்கொள்கிறாள். மரியத்தைக் காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். கடைசி நாள் மத்தியானம் நினைவு தெளிவாக இருந்தபோது அவள் என்னிடம் இரண்டு விஷயம் சொன்னாள். "அந்தக் கல்லை எடுத்துடாதீங்க. அத்தா வந்தா தண்ணி குடுங்க." அவ்வளவுதான்.

இது எனக்கு விளங்கவில்லை. உன் அத்தா, கயிற்றுக்கடை மொய்தீன் பாய், என்னைக் கட்டிக்கொண்டு மரியம் ஞானஸ்நானம் வாங்கிய அன்று ஜமாஅத்தார் முன்னால் நின்று, "அவ வீட்டு மண்ணை மிதிக்க மாட்டேன்" என்று சத்தியம் செய்தவர். இதுவரை அவர் வந்ததாக எனக்குத் தெரியாது. அவர் ஏன் வருவார்?

கல் என்றது எங்கள் வாசலில் இருக்கும் கல்லை. போன வருஷம் அவள் கேட்டு நான் போட்டது. நான் வேலை பார்க்கும் ஹார்பரில் அலைத்தடுப்புக்கு வந்த கருங்கல்லில் ஒரு துண்டு. உயரம் எவ்வளவு வேண்டும் என்றேன். கையைத் தன் முழங்காலுக்குச் சற்று மேலே வைத்து, "இவ்ளோ" என்றாள். படிக்கு அது ரொம்ப உயரம். நான் வாசற்படியை ஒட்டி வைத்தேன். அவள் அதைத் தெரு ஓரத்துக்குத் தள்ளி வைக்கச் சொன்னாள். மேலே தண்ணீர் வடிகிற மாதிரி சரிவாகச் செதுக்கியிருந்தேன். இல்லை, குழிவாக வேண்டும் என்றாள். தண்ணீர் தேங்கும் என்றேன். "தேங்கட்டும்" என்றாள். நான் செய்த சாமான்களில் எதற்கும் உதவாதது அது ஒன்றுதான்.

உனக்கு ஏதாவது தெரிந்தால் எழுது. அவள் கேட்டதைச் செய்ய வேண்டும். எப்படிச் செய்வது என்று தெரியவில்லை.

ஆசீர்வாதம்


ஏடன்
9 செப்டம்பர் 1949

ஆசீர்வாதம்,

என் தங்கச்சி செத்துட்டா. நீ கல்லப் பத்தி எழுதிக்கீற.

கல்லு எவ்ளோ உசரம், சரிவா குழிவா, எல்லாம் எழுதத் தெரியுது. அவ எப்படிக் கஷ்டப்பட்டா, என் பேரச் சொன்னாளா, கண்ணு யாரத் தேடுச்சு, அதெல்லாம் எழுதக் கை வரல. நீ மனுசனா மிஷினா?

உன்ன எங்க வூட்டுக்குக் கூட்டினு போய் சோறு போட்டவன் நான். ஒர்க்‌ஷாப்புல ஒரே தட்டுல தின்னோம். அந்தப் பாவத்துக்குத்தான் எங்கத்தா, "நீ தானடா கூட்டினு வந்தே"ன்னு என்னையும் தொரத்துனாரு. கடல்ல கரி அள்ளினு கெடக்கறேன். கெளம்பற அன்னிக்கு இன்னா சொன்னேன்? உன் வூட்டு வாசப்படிய இந்தக் காலு மிதிக்காதுன்னு சொன்னேன். இன்னிக்கும் அதான்.

ஜுரத்துல சொன்னதுக்கு அர்த்தம் கேக்கறியே. எங்கத்தாவாவது, உன் வாசலுக்கு வரதாவது.

இனிமே எழுதாத.

ரஹீம்


ராயபுரம்
2 அக்டோபர் 1949

ரஹீமுக்கு,

எழுதாதே என்றாய். நீ கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதால் இது.

கஷ்டப்பட்டாள். நடுக்கத்தில் பல் கிட்டியது, விட்டபோது பேசினாள். உன் பேரைச் சொன்னாள். நீ சின்ன வயதில் கயிற்றுக்கடை உத்தரத்தில் ஊஞ்சல் கட்டி அவளை ஆட்டித் தள்ளிவிட்டதைச் சொல்லிச் சிரித்தாள். அதற்கப்புறம் பேசவில்லை. கண் வாசல் பக்கம் இருந்தது. நான் வாசலில் இல்லை, கட்டில் பக்கத்தில் இருந்தேன். அதனால் அது என்னைத் தேடவில்லை.

மிஷினா என்று கேட்டாய். மிஷினில் எண்ணெய் வற்றினால் சூடு ஏறும், கையை வைத்தால் சுடும். என்னிடம் அதுகூட இல்லை. போன மாதம் கிரேன் சங்கிலியில் கட்டைவிரல் நசுங்கியது. சுயம்பு என்ற குதிரை வண்டிக்காரன் தன் ஜட்காவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். வழியெல்லாம், "வலிக்கலியா மேஸ்திரி, வலிக்கலியா மேஸ்திரி" என்று கேட்டுக்கொண்டே வந்தான். எனக்கு ஞாபகப்படுத்திப் பார்த்தால்தான் வலித்தது. குழந்தையைத் தூக்குகிறேன், எடை தெரிகிறது. பேர்கூட வைக்கவில்லை. பாதிரியார் இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார்.

விசாகப்பட்டினம் கப்பல் கட்டும் இடத்தில் எனக்கு வேலை வந்திருக்கிறது. வருஷக் கடைசியில் வீட்டைக் காலி செய்துவிடுவேன். குழந்தையைத் திருநெல்வேலிப் பக்கம் நாசரேத்தில் என் அக்கா வளர்ப்பாள். வீட்டுக்காரர் ராமசுப்பு அண்ணாச்சி, போகும்போது கல்லைப் பெயர்த்துவிட்டுப் போகச் சொல்கிறார். அவருடைய எண்ணெய் வண்டி அதில் இடிக்கிறதாம். "யாருக்குய்யா இந்தக் கல்லு? மாடு சொறிஞ்சுக்கவா?" என்று கேட்டார். 

எடுக்காதே என்றாள், எடுக்க மனம் வரவில்லை. ஏன் என்று தெரியாமல் விட்டுப்போகவும் மனம் வரவில்லை. அவள் கடைசியாகக் கேட்டது, நான் விளங்கிக்கொள்ளாமலே போய்விடும் என்று தோன்றுகிறது. அது ஒன்றுதான் இப்போது உறுத்துகிறது.

ஆசீர்வாதம்


ஏடன்
28 அக்டோபர் 1949

டேய் ஆசீர்,

கல்ல எடுத்துட்டியா? எடுக்கலேன்னா எடுக்காத. எடுத்திருந்தா அதே எடத்துல திரும்ப வை. அண்ணாச்சி கத்துனா கத்தட்டும்.

மொதல்லருந்து சொன்னாத்தான் உனக்கு வெளங்கும். பொறுமையாப் படி.

கப்பல் பாய்லர் ரிப்பேருல நிக்குது. சும்மா இருக்க முடியாம கரையில ஒரு வேல புடிச்சேன். ஏடனுக்கு வெளியே ஷேக் உஸ்மான்னு ஒரு ஊரு, ஒரே மணலு. அங்க யூதருங்க கேம்ப் கீது. யமன் மலைலருந்து நடந்தே எறங்கி வந்தவங்க. தண்ணி பம்பு என்ஜின் நின்னு நின்னு போவுது, அதப் பாத்துக்கறது என் வேல.

அவங்கள உனக்கு எப்படிக் காட்டுறது? ஆம்பளைங்களுக்குக் காதோரம் சுருள் சுருளா முடி. பொம்பளைங்க கழுத்து நெறைய வெள்ளி. தோள்ல கொழந்த, கையில தோல்ல எழுதிச் சுருட்டுன வேதம். வேற மூட்ட முடிச்சு கெடையாது. ஏரோப்ளேன் வந்து அவங்க பெரியவங்க பூமிக்கு, எருசலேம் பக்கம், கூட்டினு போவும்னு ஒக்காந்துகினு கீறாங்க. மோட்டார் காரையே இப்பத்தான் பாக்கறாங்கடா! ஏரோப்ளேன் எறங்குனா அலறுவாங்கன்னு நெனச்சேன். ஒருத்தனும் அலறல. கழுகு றெக்கையில வெச்சுத் தூக்கினு போவேன்னு ஆண்டவன் முன்னாடியே சொல்லிக்கீறானாம். இதான் அந்தக் கழுகுன்னு வரிசையா போய் ஏறுறாங்க. அதப் பாத்தப்ப என் கையில இருந்த ஸ்பேனர் எப்பக் கீழ விழுந்துச்சுன்னே தெரியல.

ஆனா கிட்டப் போவ முடியாது. ரெண்டு வருஷம் முந்தி டவுன்ல கலவரம். எரிஞ்ச யூதருங்க கடைங்க இன்னும் கறுப்பா நிக்குது. அந்தாண்ட ஃபலஸ்தீன்ல சண்டை இப்பத்தான் ஓஞ்சுது. நான் தொப்பி போட்டவன். நான் வந்தா பேச்சு நின்னுடும்.

ஒருத்தன் மட்டும் வந்தான். வெள்ளி ஆசாரி, என் வயசுதான். "அரம் ஒண்ணு இரவல் தர்றியா?"ன்னான். பேரு இன்னான்னேன். யஹ்யான்னான். நம்ம அத்தர் கடை பாய் பேரு! உங்க வேதத்துல யோவான்னு சொல்லுவீங்களே, அதே பேரு. அப்புறம் டெய்லி வருவான். அவன் அரபியும் என் ஹார்பர் இந்துஸ்தானியும் பாதி பாதி புரியும்.

போன வாரம் பம்பு ரெண்டு நாளா ஓடல. கொழந்தைங்க அழுவுதுங்க. கடைசில புடிச்சு ஓட்டிட்டேன். மணல்ல தண்ணி கொப்புளிச்சு வந்துச்சு பாரு, யஹ்யா மண்டி போட்டு அதத் தொட்டு, "ஹாஜர் அம்மாவுக்கு வந்தாப்புல"ன்னான்.

எனக்குச் சுருக்குன்னுச்சு. "யோவ், அது எங்க கதை"ன்னேன்.

"உங்க கதையா? எங்க வேதத்துல கீதுய்யா! இப்ராஹீம் சின்னப் பொண்டாட்டியையும் புள்ளையையும் பாலைவனத்துக்கு அனுப்புனாரு, தண்ணி தீந்துபோச்சு, அந்தம்மா அழுதுச்சு, கெணறு தெரிஞ்சுச்சு."

"அந்தக் கெணத்துத் தண்ணி இன்னிக்கும் மக்காவுல குடிக்கறாங்க. உன்னாண்ட இன்னா கீது?"

"எங்களாண்ட கதை கீது."

"எங்களாண்ட கதையும் கீது, தண்ணியும் கீது."

ரெண்டு பேரும் சந்தையில பேரம் பேசற மாதிரி கத்தறோம். சுத்திக் கூட்டம். அப்ப அவன் ஒரு பார்வ பாத்துட்டு, "சரி, ஒட்டகம் தெரியுமா உனக்கு? எழுத்துல இல்ல, எங்க பெரியவங்க வாயால சொன்னது"ன்னான்.

ஒட்டகம்!

ஆசீர், உங்க ஆளுங்களுக்கு இது தெரியாதுன்னு நெனக்கறேன். கேளு. தொரத்திவுட்ட புள்ளையப் பாக்காம இப்ராஹீமால இருக்க முடியல. ஆனா மூத்த பொண்டாட்டி சத்தியம் வாங்கினா, போய்ப் பாரு, ஒட்டகத்த வுட்டுக் கீழ எறங்காதேன்னு. கெழவன் அத்தினி பாலைவனம் தாண்டிப் போறாரு. புள்ள இஸ்மாயில் வேட்டைக்குப் போயிருக்கான், மருமவ இருக்கா. ஒட்டகத்து மேலருந்தே தண்ணி கேக்கறாரு. அவ இல்லேன்னு மூஞ்சத் திருப்பிக்கறா. "உன் புருசன் வந்தா வாசப்படிய மாத்தச் சொல்லு"ன்னுட்டுத் திரும்பிட்டாரு. யஹ்யா கதையில வாசப்படி இல்ல, கூடாரத்து முளைக்குச்சி. அவ்ளோதான் வித்தியாசம். புள்ளைக்குப் புரிஞ்சுபோச்சு. வேற கல்யாணம் பண்ணிக்கறான். கெழவன் மறுபடி வர்றாரு. அப்பவும் எறங்கல. இந்த மருமவ தண்ணி குடுத்தா, சாப்பாடு குடுத்தா. "இந்த வாசப்படி நல்லா கீது, மாத்த வேணாம்னு சொல்லு"ன்னாரு.

அவன் ஒரு வரி சொல்றான், நான் அடுத்த வரி சொல்றேன். அவன் வாயில ஆரம்பிச்சு என் வாயில முடியுது. அவன் மலை எங்க, நம்ம கயிற்றுக்கடை எங்க! எத்தினி ஆயிரம் வருஷம்! ஒருத்தன ஒருத்தன் வெட்டிகினு, வூட்ட எரிச்சுகினு வந்திருக்கோம். ஆனா ரெண்டு பேரும் அந்தக் கெழவனக் கீழ வுடாம ஒட்டகத்து மேலயே வெச்சுத் தூக்கினு வந்துக்கீறோம். சுத்தி நின்னவங்க கிட்ட நெருங்கி வந்தாங்க. ஒரு கெழவி என் தொப்பியத் தொட்டுப் பாத்துச்சு.

அப்பத்தான் என் பக்கத்துல மட்டும் இருக்கற ஒண்ணு சொன்னேன். அந்த நல்ல மருமவ, மாமனாருக்குத் தலையில புழுதின்னு பாத்தா. எறங்க மாட்டேங்கறாரு. ஓடிப்போய் ஒரு கல்லத் தூக்கியாந்து ஒட்டகத்துக்குப் பக்கத்துல போட்டா. அவர் எறங்காமலே ஒரு கால அதுல ஊணிச் சாஞ்சாரு. ஒரு பக்கம் தல கழுவுனா. கல்ல அந்தாண்ட மாத்திப் போட்டா, இன்னொரு பக்கம் கழுவுனா. அவர் கால் அந்தக் கல்லுல குழிவாப் பதிஞ்சுபோச்சு...

இத்த சொல்லிகினு இருக்கப்பவே என் வாய் நின்னுபோச்சு.

இந்தக் கதைய எனக்கும் மரியத்துக்கும் சொன்னதே எங்கத்தாதான். கடையில வடக்கயிறு சுருட்டி வெச்சிருப்பாரே, அது மேல ஒக்காந்துகினு. மரியம் எப்பவும் அந்த எடத்துல நிறுத்திக் கேப்பா: "அத்தா, ஒட்டகத்து மேலருந்து காலு எட்டுமா? கல்லு எவ்ளோ ஒசரம்?" அவரு அவ ஒடம்புல கைய வெச்சுக் காட்டுவாரு. "இவ்ளோம்மா."

உன் மொத லெட்டர எடுத்துப் படிச்சேன். கிழிச்சுப் போட்டிருப்பேன்னு நெனச்சியா?

எங்கத்தாவுக்கு ஒட்டகம் ஏது, எங்க போனாலும் ஜட்காதான். வண்டில போறவரு கால் வைக்கற ஒசரமான்னு அளந்து பாருடா. நீ தான் அளக்கறவனாச்சே.

ரஹீம்


ராயபுரம்
20 நவம்பர் 1949

ரஹீம்,

கல் இருக்கிறது. அளந்துவிட்டேன்.

உன் கடிதத்தை மத்தியானச் சாப்பாட்டு வேளையில் படித்தேன். ஸ்கேலை எடுத்துக்கொண்டு நேராக ஜட்கா ஸ்டாண்டுக்குப் போனேன். சுயம்பு குதிரைக்குக் கொள்ளு வைத்துக்கொண்டிருந்தான். வண்டியின் பின்பலகையை அளந்தேன். ஒருவர் அதில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டால் பாதம் எங்கே வரும் என்று நானே உட்கார்ந்து பார்த்தேன்.

"இன்னா மேஸ்திரி, வண்டிய வெலைக்கு கேக்கறியா, என்னைய சேத்தா?" என்றான்.

"சுயம்பு, மொய்தீன் பாய் உன் வண்டியில வருவாரா?" என்றேன்.

அவன் கொள்ளுப் பையைக் கீழே வைத்தான். சிரிப்பு போய்விட்டது. "நான் வாயத் தொறக்க மாட்டேன்னு அந்தப் பொண்ணுக்கு வாக்கு குடுத்துக்கீறேன்" என்றான். அதுவே போதுமாக இருந்தது.

கல்லின் தலை, அவன் வண்டியில் உட்காருகிறவர் பாதத்துக்குச் சரியாக நிற்கிறது. ஒரு நூல்கூடப் பிசகவில்லை. வரைபடம் இல்லாமல், தன் உடம்பில் கை வைத்துக் காட்டிய அளவு.

வீட்டுக்கு வந்து அடைக்கலமேரியிடம் கேட்டேன். "நீ கேக்கவே இல்லியேப்பா" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். பிறகு எல்லாம் சொன்னாள். முதலில் உன் அத்தா தெருக்கோடியில் வண்டியை நிறுத்தி வீட்டைப் பார்த்துவிட்டுப் போய்விடுவாராம். மரியம் ஒருநாள் பார்த்துவிட்டாள். அவள் கூப்பிடவில்லை, ஓடிப்போய்க் காலைப் பிடிக்கவுமில்லை. அந்த வாரம்தான் என்னிடம் கல் கேட்டிருக்கிறாள். கல் போட்ட பிறகு, வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்த வண்டி தெருக்கோடியில் நின்றது. ரொம்ப நேரம் நின்றது. அப்புறம் மெல்ல வந்து, திரும்பி, பின்பக்கத்தைக் கல்லோடு ஒட்டி நின்றதாம். "அந்தப் பாயி கல்லப் பாத்துட்டு, முண்டாசுத் துணிய மொகத்துல பொத்திக்கினாரு. அப்புறம் செருப்பக் கழட்டிட்டுக் கால அதுல வெச்சாரு" என்றாள் அடைக்கலமேரி. மரியம் தண்ணீர் கொடுத்தாள். அதற்குப் பிறகு பல வெள்ளிக்கிழமைகள். நான் அந்நேரம் ஒர்க்‌ஷாப்பில் இருப்பேன். அவள் பிறந்த வீட்டில் நடந்ததெல்லாம் பேசிக்கொள்வார்களாம். அவர் இந்த மண்ணை மிதிக்கவே இல்லை.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நீ வரவேற்கப் போவே. வரவேற்றா அவரு வந்ததா ஆயிடும். வந்ததா ஆனா சத்தியம் போயிடும்." மரியம் சொன்ன காரணமாம் அது.

மரியம் போன பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அவர் ஒன்றும் தெரியாமல் வந்திருக்கிறார். கல்லில் கால் வைத்துக்கொண்டு, "தங்கச்சி, மவ எங்க?" என்று இவளிடம் கேட்டிருக்கிறார். அடைக்கலமேரிதான் சொல்ல வேண்டியிருந்தது. காலை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாராம். கடைசியில், "இப்ப அவ பேரு இன்னா?" என்று கேட்டாராம். இவள் தன் வழக்கப்படி "மரியா" என்று சொல்லியிருக்கிறாள். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனவர்தான். அதற்கப்புறம் வரவில்லை.

ரஹீம், நேற்று வேதத்தை எடுத்துத் தேடினேன். எங்கள் வேதத்தில் அந்த ஒட்டகம் இல்லை. ஆனால் வேறு ஒன்று கண்ணில் பட்டது. ஆபிரகாம், உங்கள் இப்ராஹீம், மனைவியைப் பறிகொடுத்துவிட்டு, நான் இங்கே அந்நியன், இவளை அடக்கம் செய்ய இடம் கொடுங்கள் என்று ஊராரிடம் கேட்கிறார். குகையோடு நிலம் வாங்குகிறார். பிறகு அவரே இறந்தபோது, மூத்தவள் மகன் ஈசாக்கும் இளையவள் மகன் இஸ்மவேலும் சேர்ந்து அதே குகையில் அவரை அடக்கம் செய்தார்கள். ஒரே வரி. துரத்தப்பட்ட பிள்ளை எப்படித் திரும்பி வந்தான் என்று ஒரு வார்த்தை இல்லை. சிறுவயதிலிருந்து ஞாயிறுதோறும் கேட்ட புத்தகம். அந்த வரிக்கு நடுவில் இப்படி ஒரு வெற்றிடம் இருப்பது எனக்கு நேற்றுவரை தெரியாது. அந்த வெற்றிடத்தில் வைக்க வேண்டிய துண்டை நீ ஏடன் மணலிலிருந்து அனுப்பியிருக்கிறாய். என் வாசலில் நான் செதுக்கிய துண்டு. நசுங்கிய கட்டைவிரல் விண்ணென்று வலித்தது. இத்தனை மாதத்தில் உடம்பு தெரிந்தது அப்போதுதான்.

அவள் கேட்டது இப்போது விளங்கிவிட்டது. ஆனால் அவர் வருவதில்லை. நான் கடைக்குப் போய்க் கூப்பிட்டால் அது அழைப்பாகிவிடும். அதனால் சுயம்புவிடம் ஒரு சேதி மட்டும் கொடுத்தேன். "வாசல் கல்லு அப்படியே கீதுன்னு பாயிக்கு சொல்லு. வேற எதுவும் சொல்லாத." இரண்டு வெள்ளிக்கிழமை வேலையிலிருந்து சீக்கிரம் வந்து காத்திருந்தேன். வண்டி வரவில்லை. அடுத்த மாதக் கடைசிக்குள் விசாகப்பட்டினத்துக்குப் பதில் எழுத வேண்டும்.

ஆசீர்


ஏடன்
7 டிசம்பர் 1949

ஆசீர்,

காத்திரு. விசாகப்பட்டினம் எங்கயும் ஓடிப்போவாது.

எங்கத்தா கதைய நான் சொல்லணுமா? கடன் கேக்க வந்தவனையும் மூணு தடவ நடக்க வெச்சுத்தான் குடுப்பாரு. தன்னையும் அப்படித்தான் நடக்க வெப்பாரு.

முந்தாநாள் யஹ்யா போயிட்டான். அவன் பொஞ்சாதி, கைக்கொழந்த, எல்லாம் கழுகுல ஏறிட்டாங்க. ஏறதுக்கு முந்தி உன் கடுதாசிய அவனுக்குப் படிச்சுச் சொன்னேன். கல்லு, ஜட்கா, செருப்பக் கழட்டுனது, எல்லாம். அவன் தரையில கைய வெச்சு, "எவ்ளோ ஒசரம்?"னு கேட்டான். காட்டுனேன். வரிசையில நின்னவங்களுக்கெல்லாம் திரும்பிச் சொன்னான். கெழவி ஒண்ணு பொலபொலன்னு அழுதுச்சு. ராயபுரம் எங்க கீதுன்னு அதுக்குத் தெரியாது, ஆனா மரியத்துக்காக அழுதுச்சுடா. உன் கல்லு ஏரோப்ளேன் ஏறிப் போயிடுச்சு. இனிமே அங்க யாராவது அந்தக் கதைய சொன்னா, அதுல ஒரு கல்லு இருக்கும்.

போறப்ப, "எங்க கதையில கடேசி வரி நான் உனக்கு சொல்லல"ன்னான். புள்ள வேட்டையிலருந்து திரும்பி வர்றான், வாசப்படி நல்லா கீதுன்ற சேதியக் கேக்கறான். அப்ப அவனுக்குத் தெரிஞ்சுதாம், அப்பன் மனசுல தன் மேல இன்னும் எரக்கம் கீதுன்னு. இந்த வரி எங்களாண்ட இல்ல. அவன் என் அரத்தத் திருப்பிக் குடுத்தான், கூட இந்த வரியையும் குடுத்துட்டுப் போனான்.

நான் எங்கத்தாவுக்கு ரெண்டு வருஷமா எழுதல. இந்த வரிய மட்டும் ஒரு கார்டுல எழுதிப் போட்டுட்டேன்.

கொழந்தைக்கு என் மூக்கா அவ மூக்கா?

ரஹீம்


ராயபுரம்
31 டிசம்பர் 1949

மச்சான்,

இரண்டு வருஷத்துக்குப் பிறகு இப்படிக் கூப்பிடுகிறேன். கோபம் இருந்தால் இருக்கட்டும்.

நேற்று வெள்ளிக்கிழமை. ஜும்மாவுக்குப் பிறகு வண்டி வந்தது.

நான் எழுந்து போகவில்லை. தெருக்கோடியில் நின்றபோதும் போகவில்லை. திரும்பி, பின்பக்கம் கல்லோடு ஒட்டியதும் செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன். உன் அத்தா செருப்பைக் கழற்றினார். கல்லில் கால் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. காலையில் தூறல், குழியில் தண்ணீர் தேங்கியிருந்தது. அவர் பாதம் அதில் சரியாக உட்கார்ந்தது. சரிவாகச் செதுக்கியிருந்தால் வழுக்கியிருக்கும். இதை ஒரு ஃபிட்டருக்கு அவள் சொல்லித்தர வேண்டியிருந்தது.

செம்பை நீட்டினேன். வாங்கிக் குடித்தார். மிச்சத்தைக் கையில் ஊற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அடைக்கலமேரி குழந்தையைக் கொண்டுவந்து கொடுத்தாள். நான் வண்டிக்குள் நீட்டினேன். மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "ரஹீம் மூக்கு" என்றார். உனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"பேரு?"

"இன்னும் வைக்கலை."

"அவளுக்கு நீங்க மாத்தி வெச்ச மாதிரி இதுக்கும் ஒண்ணு வெக்க வேண்டியதுதான."

"மாத்தலையே" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். நான் சொன்னேன்: "ஞானஸ்நானத்தன்னிக்கு பாதிரியார் பேரு இன்னான்னு கேட்டார். மரியம்னா. அது ஆண்டவரோட தாயார் பேராச்சே, இதுக்கு மேல நான் இன்னா பேரு வைக்கிறது, அப்படியே இருக்கட்டும்னுட்டார். கல்லறையிலயும் மரியம்னுதான் வெட்டியிருக்கு. அடைக்கலமேரி வாய்க்கு மரியா."

 குதிரை கால் மாற்றியது. சுயம்பு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். உன் அத்தா கல்லிலிருந்து காலை எடுத்தார். போகப்போகிறார் என்றுதான் நினைத்தேன். ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தார்.

"அவ படுத்திருக்கற எடத்த மிதிக்க மாட்டேன்னு நான் சத்தியம் பண்ணலை. ஏறு. வண்டியில எடம் இருக்கு."

அந்தக் கல்லில் கால் வைத்துத்தான் ஏறினேன்.

காசிமேட்டில் கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே இறங்கினார். சிலுவைகளுக்கு நடுவே தயங்கித் தயங்கி நடந்தார். பெயரை விரலால் தடவிப் படித்தார், ஒவ்வொரு எழுத்தாக. பிறகு, "கிப்லா, மக்கா எந்தப் பக்கம்?" என்று கேட்டார். ஹார்பரில் வேலை பார்க்கிறவனுக்குத் திசை தெரியும். கடலுக்கு முதுகைக் காட்டி, சற்று வடக்கே திருப்பி நிறுத்தினேன். கையேந்தி ஓதினார். குழந்தையை வைத்துக்கொண்டு நானும் அதே பக்கம் பார்த்து நின்றேன், எனக்குத் தெரிந்த ஜெபத்தைச் சொன்னேன். அந்தத் திசையில்தான் ஹாஜர் அம்மாவின் கிணறு. எருசலேம் இன்னும் கொஞ்சம் வடக்கே தள்ளி. உன் யஹ்யா போனதும் அந்தப் பக்கம்தான். நீயும் ஏறக்குறைய அதே கோட்டில்தான் இருக்கிறாய். ஒரு பெண்ணின் கல்லறையிலிருந்து இத்தனை பேருக்கும் ஒரே பக்கம் திரும்பினால் போதும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. பின்னால் அலைச் சத்தம் கேட்டது. அப்போதுதான் அழுதேன். உன் அத்தா திரும்பிப் பார்க்காமலே என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

திரும்பி வந்து இறக்கிவிட்டுப் போனார். அவர் இறங்கவில்லை. மண்ணை மிதிக்கவில்லை. சத்தியம் சத்தியமாகவே இருக்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமை வருவதாகவும் சொல்லவில்லை. ஆனால் போகும்போது சுயம்பு, "மேஸ்திரி, குழியில தண்ணி வடிக்காம வெய்யி" என்றான்.

கருங்கல் ஒன்றரை வருஷத்தில் தேயாது. அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் இன்று காலை வெயில் ஏறியதும் போய்ப் பார்த்தேன். தண்ணீர் வற்றிய இடத்தில் ஒரு பாதத்தின் அச்சு ஈரமாக நின்றது, காய்ந்துபோகிறவரை. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

விசாகப்பட்டினத்துக்கு வரவில்லை என்று எழுதிவிட்டேன். குழந்தை இங்கேயே வளரும். அண்ணாச்சியிடமும் சொல்லிவிட்டேன். "யாருக்குய்யா கல்லு?" என்று மறுபடி கேட்டார். "மாமனாருக்கு" என்றேன். எண்ணெய் வண்டியைச் சுற்றிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்.

ஹார்பரில் இன்னொரு துண்டுக் கருங்கல் பார்த்து வைத்திருக்கிறேன். என் வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்று நீயும் சொல்லியிருக்கிறாய். அதை நீ மீற வேண்டாம். கப்பல் மதராஸ் வரும்போது ஜட்காவில் வருவாயா, கைரிக்‌ஷாவில் வருவாயா என்று மட்டும் எழுது. உயரம் மாறும்.

உன் மச்சான்,
ஆசீர்